இளவேனிலின் முதல் சிஸ்டம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். எஸ்.பி. ரோடில் கம்ப்யூட்டர் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சந்துகளில் இராஜமாணிக்கம் என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். வாய்க்காரர் என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். இது இளவேனிலைப் பற்றிய கதை. ஆனால் என் வாய் நடுவில் விழுந்து காரியத்தைக் கெடுத்ததால் நானும் இதில் வர வேண்டியிருக்கிறது.

வருஷம் 2001. எங்கள் கடை முதலாளி சீனிவாசராகவன் சார். கஸ்டமர் கேட்கிற பார்ட்ஸை வாங்கி, ஒரு டப்பாவுக்குள் பொருத்தி, சிஸ்டம் என்று பெயர் வைத்து அனுப்புவது எங்கள் தொழில். கடையில் இரண்டு மேஜைகள். முதல் மேஜை ஒன்பது வருஷமாக என்னுடையது. இரண்டாவது மேஜையில் யுவன் என்று ஒருவன் இருந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த மேஜை காலியாகக் கிடந்தது, அதன் மேல் நான் டிபன் டப்பா வைத்துக்கொண்டிருந்தேன்.

இளவேனில் பில் போடும் பெண். இருபத்தாறு இருபத்தேழு வயது. ஊர் என்று தனியாக ஒன்றும் இல்லை, மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா பஸ் டிப்போவில் டயர் மாற்றும் வேலை பார்த்தவர். பிள்ளைகளுக்கு நல்ல தமிழ்ப் பெயராக வைத்தார். வீட்டில் சாமி படம் கிடையாது, புத்தர் படம் ஒன்று மட்டும் உண்டு என்று அவளே ஒருநாள் சொன்னாள். பி.யு.சி. முடித்ததும் பீன்யாவில் டிரான்ஸ்பார்மர் செய்யும் கம்பெனியில் காயில் சுற்றப் போனாள். தலைமுடி தடிமனில் இருக்கும் செம்புக் கம்பியை எண்ணிச் சுற்ற வேண்டும், ஒரு சுற்று தப்பினால் முழுசும் குப்பை. ஐந்து வருஷம் சுற்றினாள். ஒரு திங்கட்கிழமை காலையில் போனபோது கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கியது. அங்கிருந்து எங்கள் பில் கவுண்டருக்கு வந்து சேர்ந்தாள்.

கவுண்டருக்கும் என் மேஜைக்கும் நடுவே மூன்றடி தூரம். நான் அவளுக்கு ஒரு ஸ்க்ரூ திருப்பக் கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், செத்துப்போனது என்று நான் மூலையில் தூக்கிப் போட்டிருந்த பழைய மதர்போர்டு ஒன்று இரண்டாவது மேஜையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் எழுத்து வருகிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு பண்ணது இத?"

"நான்தாண்ணா. பேட்டரி வீக்கா இருந்துச்சு, மாத்திப் பாத்தேன்."

"உன்ன யாரு தொடச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

பாராட்டுவதற்குப் பதில் கத்தினேன். என் சுபாவம் அது. அன்று சாயங்காலமே முதலாளியிடம் போய், இரண்டாவது மேஜையைத் தனக்குத் தர வேண்டும் என்று கேட்டுவிட்டாள். எனக்கு மயக்கம் வராத குறை.

சீனிவாசராகவன் சார் நாலு நாள் யோசித்தார். பிறகு என்னையும் நிற்க வைத்துக்கொண்டு அவளிடம் சொன்னார். "ஒரே ஒரு சிஸ்டம் தரேன். நீயே போடு, ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும். அது கஸ்டமர் இடத்துல ஒழுங்கா ஓடித்துன்னா மேஜை உனக்கு. கம்ப்ளெய்ன்ட் வந்துதுன்னா திரும்பக் கவுண்டர்தான். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கப்படாது."

"சரி சார்," என்றாள். அவள் முகத்தில் அன்று வந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த ஒரு சிஸ்டம் வெங்கடசாமிக்குப் போக வேண்டியது. வெங்கடசாமி ஆனேக்கல்காரர். லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கி, இப்போது பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோடு மேலேயே டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வைத்திருப்பவர். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று தெரியாது, ஆனால் ஆயுத பூஜைக்கு ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்தாக வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார்.

பூஜைக்கு மூன்று நாள் இருக்கும்போது இளவேனில் வேலையைத் தொடங்கினாள். வெங்கடசாமியும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். புது லாரிக்குப் பாடி கட்டும்போது பட்டறையிலேயே உட்கார்ந்திருப்பாராம், அதே பழக்கம். அவர் கேட்டதற்கெல்லாம் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். இது போர்டு, இது பிராசசர், இது மெமரி. மெமரி என்பது சீப்பு மாதிரி நீளமாக ஒரு பச்சைத் துண்டு. அதன் அடி ஓரத்தில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல் இருக்கும். அந்தப் பல்லை போர்டில் இருக்கும் பள்ளத்தில் வைத்து அழுத்தினால் இரண்டு பக்கமும் கொக்கி வந்து பிடித்துக்கொள்ளும்.

"ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் கேக்கணும் சார். கேட்டாத்தான் உக்காந்துச்சுன்னு அர்த்தம். எடுக்கணும்னா இந்தக் கொக்கிய இப்பிடித் தள்ளணும்," என்று எடுத்துக் காட்டி மறுபடியும் மாட்டினாள்.

டக், டக். எனக்கும் கேட்டது.

சிஸ்டம் உயிர் பெற்றது. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டோம், ஒரு குறையும் இல்லை. குறை கண்டுபிடிக்க நான் இரண்டு தரம் போய்ப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூஜைக்கு முதல் நாள் வெங்கடசாமி தன் டெம்போவிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.

டெம்போ சந்து திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த சிஸ்டமும் பொட்டு வைக்காமல் வெளியே போகாது. போட்டவர் கையாலேயே டப்பாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் பேக் பண்ணுவோம். கிண்ணம் என் மேஜையில் இருந்தது. சந்தனம் குழைத்தபடியே காய்ந்து கிடந்தது.

"பொட்டு வெச்சியா?"

"இல்லண்ணா. எங்க வூட்டுல அந்தப் பழக்கம் இல்ல. நீங்க வெப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் ஆடித் தீர்த்துவிட்டேன். கடை விளங்குமா, முதல் சிஸ்டத்தையே இப்படி அனுப்பலாமா, உன்னால் எனக்கும் சேர்த்துக் கெட்ட பேரா என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவள் பில் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு ஆறவில்லை. உடனே வெங்கடசாமி ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"சார், இங்க பொட்டு வெக்காம அனுப்பிட்டாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்களே காலைல பூஜைல வெச்சுட்டு அப்புறமா ஆன் பண்ணுங்க."

"ஹௌதா சார்? அப்பிடியா? கண்டிப்பா வெக்கணுமா?"

"என்ன சார் இப்பிடிக் கேக்கறீங்க. லாரிக்கு இன்ஜினுக்குப் பொட்டு வெக்காம வண்டிய எடுப்பீங்களா? அதே கணக்குத்தான் இதுவும்."

"சரி சார், சரி சார். முறைப்படி பண்ணிடறோம்," என்றார்.

போனை வைத்துவிட்டு இளவேனிலை ஒரு பார்வை பார்த்தேன். உன் தப்பை நான்தான் சரிபண்ண வேண்டியிருக்கிறது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மறுநாள் ஆயுத பூஜை. கடை வாசலில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, முதலாளி எல்லோருக்கும் பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"சார், படமே வரல சார்," என்றார் வெங்கடசாமி. "டி.வி. மாதிரி இருக்கே, அது கருப்பாவே இருக்குது. உள்ள ஃபேன் ஓடுது. லாரி ரிவர்ஸ் எடுக்கறாப்பல விட்டு விட்டுச் சத்தம் போடுது. ஜனமெல்லாம் வந்து நிக்குது சார், மானம் போவுது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்தச் சத்தம் என்ன என்று எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். விட்டு விட்டு நீளமாகக் கத்தினால் மெமரி கிடைக்கவில்லை என்று போர்டு அழுகிறது.

"யாராவது தொறந்தீங்களா சார் அத?"

"அய்யோ, ரிப்பேர்க்கு நாங்க ஏன் சார் தொறக்கறோம்? எங்களுக்கு இன்னா தெரியும்?"

நான் போனை வைத்ததும் இளவேனில் கேட்டாள். "இன்னா சத்தம்ணா? நீளமா, விட்டு விட்டா?"

"ஆமா. மெமரி. நீ மாட்டின லட்சணம்."

அவள் கையில் இருந்த பொரி தரையில் சிந்தியது. "இல்லண்ணா. டக்குனு கேட்டுச்சு. ரெண்டு பக்கமும் கேட்டுச்சு," என்றாள். முகம் வெளுத்துவிட்டது. சீனிவாசராகவன் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ரெண்டு பேருமே போய்ப் பார்த்துட்டு வாங்கோ," என்றார். குரலில் சுரத்தில்லை.

மார்க்கெட்டில் ஏறிய பஸ்ஸுக்கு முன்னாலும் வாழைக்கன்று, கண்ணாடி முழுக்கச் சாமந்தி மாலை. டிரைவருக்கு ரோடு எப்படித் தெரிந்ததோ. பொம்மனஹள்ளி வரை நான் திட்டிக்கொண்டே போனேன். பொட்டு வைக்காததன் பலன் இது என்றேன். பீன்யாவில் காயில் சுற்றின கைக்கு இதெல்லாம் சரிப்படுமா என்றேன். இப்போது நினைத்தால் என் நாக்கை நானே அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆபீசில் இருபது பேர் நின்றிருந்தார்கள். டிரைவர்கள், கிளீனர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள். நடுவே மேஜை மேல் சிஸ்டம். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்தது. டப்பாவின் நெற்றியில் அகலமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம், மானிட்டருக்கு மாலை. டப்பாவின் நாலு காலுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம், லாரிச் சக்கரத்துக்கு வைப்பது மாதிரியே. பக்கத்தில் வெங்கடசாமியின் மனைவி சந்திரம்மா கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"மொதல் தடவயா ஒண்ணு வாங்கினோம் சார், இப்பிடி ஆகிப்போச்சே. எங்க கை ராசி இல்லியா?" என்று கேட்டார்.

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. நீங்க முறையாத்தான் பண்ணியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு இளவேனிலைப் பார்த்தேன். அவள் எலுமிச்சம்பழங்களை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தொட விடவில்லை. நானே மானிட்டர் ஒயரைப் பார்த்தேன். சரி. பவர் சரி. டப்பாவைத் திறந்தேன், ஹார்டு டிஸ்க், சி.டி. டிரைவ் எல்லாவற்றையும் கழற்றி விட்டேன். மெமரி ஒன்றை மட்டும் வைத்து ஆன் பண்ணினேன். அதே அழுகை. மெமரியை வெடுக்கென்று பிடுங்கி, பார்க்கக்கூடப் பார்க்காமல், பின்னால் நின்ற இளவேனில் கையில் திணித்தேன். நான் கொண்டுவந்த புது மெமரியை அதே பள்ளத்தில் வைத்து அழுத்தினேன். டக், டக். ஆன் பண்ணினேன்.

அதே அழுகை.

நல்ல மெமரி போட்டும் வரவில்லை என்றால் போர்டே போய்விட்டது என்று அர்த்தம். புத்தம் புது போர்டு.

"அண்ணா, ஒரு நிமிஷம்," என்றாள் இளவேனில்.

"பேசாத."

பிராசசரைக் கழற்றி மாட்டினேன். பேட்டரியைப் பிடுங்கி வைத்தேன். கூட்டம் மூச்சு விடாமல் பார்த்தது. என் கழுத்தில் வேர்வை ஓடியது.

"அண்ணா, இத்தப் பாருங்க ஒரு தரம்."

"வாய மூடிட்டு நில்லுன்னு சொன்னேன்ல."

எழுந்தேன். வெங்கடசாமியின் மேஜையில் இருந்த போனை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் கடைக்குப் பேசினேன். "சார், போர்டு அவுட். மாட்டும்போது கையிலேர்ந்து கரண்ட் ஏறிக் கொன்னிருக்கா. நான் அப்பவே சொன்னேன், கேக்கல நீங்க."

மறுமுனையில் சீனிவாசராகவன் சார் பெருமூச்சு விட்டார். "சரி. நாளைலேர்ந்து கவுண்டர்லயே உக்காரச் சொல்லிடுங்கோ. மேஜை விஷயம் முடிஞ்சுது."

போனை வைத்துவிட்டு அதை அப்படியே அவளிடம் சொன்னேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அழவில்லை. நேராக வந்து, நான் அவள் கையில் திணித்த அதே மெமரியை டியூப் லைட் வெளிச்சத்தில் என் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

அந்தத் தங்கப் பல் வரிசை முழுவதும் சந்தனம். கட்டை விரலால் அழுத்தி வைத்த சந்தனம், வரிசையாக ஏழு பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். காய்ந்து, பல்லோடு பல்லாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பது வருஷத்தில் தண்ணீர் போன மெமரி பார்த்திருக்கிறேன், எறும்பு கூடு கட்டிய போர்டு பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கரப்பான் செத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். நிலைப்படி மாதிரி பொட்டு வைத்த மெமரியை அன்றுதான் பார்த்தேன்.

"யாரு," என்று ஆரம்பித்தேன். "யாரு சார் இத வெச்சது?"

"நான்தான் வெச்சேன்," என்றார் சந்திரம்மா. ஒளிக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "மத்ததெல்லாம் கருப்பும் பச்சையுமா இருந்துச்சு. இதுதான் தங்கமாட்டம் மின்னிச்சு. அதான் அதுக்கு வெச்சேன்."

"தொறக்கலன்னு சொன்னீங்களே சார்," என்று வெங்கடசாமியைக் கேட்டேன்.

"ரிப்பேர்க்குத் தொறக்கல சார். பூஜைக்குத்தான் தொறந்தோம்." அவர் முகத்தில் நிஜமான குழப்பம். "அந்தப் பொண்ணு காட்டுச்சே, கொக்கியத் தள்ளினா வரும்னு. அதே மாதிரி நானே எடுத்து, பொட்டு வெச்சதும் அதே மாதிரி மாட்டினேன். டக்குனு கேட்டுச்சே. நீங்கதானே சார் போன்ல சொன்னீங்க, லாரி இன்ஜினுக்குப் பொட்டு வெக்கறாப்பலதான் இதுவும்னு? எந்த ஊர்ல சார் பானெட்டத் தொறக்காம இன்ஜினுக்குப் பொட்டு வெப்பாங்க?"

நான் அந்த மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு லாரிக்கும் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்குப் பொட்டு வைக்கிற மனுஷர். அவரிடம் போய் இதுவும் அதே கணக்கு என்று சொன்னது நான். என் வாய்தான். பொட்டு வைக்காமல் அனுப்பினாள் என்று யாரைக் கரித்துக் கொட்டினேனோ, அவள் பொட்டு வைக்காமல் அனுப்பிய சிஸ்டம் ஒழுங்காக ஓடியது. நான் வைக்கச் சொன்ன பொட்டு அதைச் சாகடித்திருக்கிறது.

இளவேனில் எதையும் கண்டுகொள்ளவில்லை. "அந்தப் பள்ளத்துலயும் சந்தனம் இறங்கியிருக்கும்ணா. அதான் புது மெமரியும் எடுக்கல. பக்கத்துல ரெண்டாவது பள்ளம் காலியா கீது, அதுல போட்டுப் பாக்கலாம்னுதான் சொல்ல வந்தேன்," என்றாள்.

இரண்டாவது பள்ளம் என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவன் கூட அதில் போட்டுப் பார்த்திருப்பான். கோபத்தில் எனக்கு அது தெரியவே இல்லை.

சந்திரம்மாவிடம் பென்சில் அழிக்கிற ரப்பர் ஒன்று கேட்டு வாங்கினாள். தரையில் உட்கார்ந்து, தங்கப் பல் ஒவ்வொன்றையும் ரப்பரால் தேய்த்தாள். காயில் சுற்றுகிறபோது அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது, தலையே நிமிரவில்லை. பத்து நிமிஷம். பிறகு எழுந்து வந்து, இரண்டாவது பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். டக், டக். அவளே ஆன் பண்ணினாள்.

சின்னதாக ஒரே ஒரு பீப். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது.

கூட்டம் கை தட்டியது. சந்திரம்மா அவள் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார். வெங்கடசாமி எனக்குக் கை கொடுக்க வந்து, பாதியில் திரும்பி அவளிடம் கும்பிட்டார். அப்புறம் பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தம் பண்ணி, அதையும் சரியாக்கிக் கொடுத்தாள்.

இப்போது நான் கடைக்குப் போன் பண்ண வேண்டும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நம்பரைச் சுழற்றினேன். சீனிவாசராகவன் சார் எடுத்தார்.

"சார், டிஸ்ப்ளே வந்துடுச்சு."

"அப்டியா? என்னவாம்?"

என்னவாம். ஒரு வரி. நான் சொன்னதைக் கேட்டு கஸ்டமர் உள்ளே பொட்டு வைத்துவிட்டார், அவ்வளவுதான். சொல்வதற்கு அரை நிமிஷம் ஆகியிருக்காது.

"மெமரி லூசா இருந்துச்சு சார்," என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் நானே திகைத்துப்போனேன். என் வாயிலிருந்து அதுவா வந்தது? போர்டைக் கொன்றாள் என்ற பழியிலிருந்து இறங்கி, சரியாக மாட்டவில்லை என்ற பழியை அவள் தலையில் வைத்தாயிற்று. மறுமுனையில் அவர், "எப்படியோ சரியாச்சே. ஆனா இனிமே கவுண்டர்தான்," என்று வைத்துவிட்டார். இளவேனில் ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கையிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

திரும்பும் பஸ்ஸில் நான் திட்டவில்லை. ரிச்மண்ட் சர்க்கிள் தாண்டியதும் அவள்தான் பேசினாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"லூசா இல்லண்ணா. ரெண்டு பக்கமும் கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் அவள் கவுண்டரில் இருந்தாள். அதற்கடுத்த நாளும். வருகிற கஸ்டமரிடம் இதுதான் சார் இன்ஜின் மாதிரி என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிடுவேன். நாலாம் நாள் தாங்கவில்லை. முதலாளியிடம் போய் முழுவதையும் சொல்லிவிட்டேன், போன் பேசினதிலிருந்து பொட்டு வரைக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ராஜமாணிக்கம். மேஜையை என் அக்கா பிள்ளை சஞ்சய்க்குத் தரேன்னு நேத்திக்குத்தான் வாக்குக் கொடுத்தேன். திங்கட்கிழமை வந்து சேரறான்."

நாலு நாள். அதற்குள் முடிந்துவிட்டது. நான் வாயைத் திறக்க வேண்டிய ஒரே சமயத்தில் அதைத் திறக்கவில்லை.

இளவேனிலிடம் நான் முதலாளியிடம் பேசினதையும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிட்டாள். மர்பி டவுனில் ஒரு டெய்லர் கடையின் பாதியை வாடகைக்குப் பிடித்து, ஒரே மேஜை போட்டு உட்கார்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். அவளைத் தேடிப் போன முதல் கஸ்டமர் வெங்கடசாமி. அவர் ஓசூர் ஆபீசுக்கும் ஆனேக்கல் ஆபீசுக்கும் அவள்தான் சிஸ்டம் போட்டாள். லாரிக்காரர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். டெய்லர் காலி பண்ணிய பாதியும் அவளுடையதாயிற்று.

எட்டு வருஷம் போனது. மடியில் வைக்கிற கம்ப்யூட்டர் வந்தது, பொருத்திக் கொடுக்கிற கடைக்கு ஆள் வருவது குறைந்தது. சீனிவாசராகவன் சார் ஒருநாள் ஷட்டரை இறக்கி, இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டார். நாற்பத்தேழு வயதில் நான் எஸ்.பி. ரோடில் கடை கடையாக ஏறி இறங்கினேன். என் வாயைத் தெரிந்த யாரும் வேலை தரவில்லை. கடைசியில், வேறு வழியே இல்லாமல், மர்பி டவுனுக்குப் போனேன்.

கடையில் இரண்டு மேஜைகள் இருந்தன. ஒன்றில் அவள். தலையில் அங்கங்கே நரை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்கண்ணா."

வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. வேலை கேட்க வந்தவன் வேறொன்றைச் சொன்னேன்.

"அன்னைக்கு அது லூசா இல்ல, இளவேனில். எனக்கும் கேட்டுச்சு. ரெண்டு பக்கமும்."

"தெரியும்ணா."

"அப்புறமா சார்கிட்ட சொன்னேன். லேட்டாயிடுச்சு."

"அதுவும் தெரியும். சார் சொன்னாரு." அவள் இரண்டாவது மேஜையின் மேல் இருந்த தன் டிபன் டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். "இது காலியாத்தான் கீது. உக்காருங்க."